பூச்சுக் குண்டும் பிரைமர் தூசியும்: வாசகர் கேள்வி பதில்

(பதில் தருபவர் அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.)

கேள்வி: டெக்சாஸில் இருக்கும் என் மகன் துப்பாக்கி சுடும் கிளப்பில் சேர்ந்திருக்கிறான். சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டைப் பொறுக்கி வந்து, கார் ஷெட்டில் வைத்து மறுபடி தோட்டா செய்கிறான். அங்கே அதற்குத் தடை இல்லையாம். வீடியோ காலில் காட்டினான், குண்டெல்லாம் சிவப்புச் சிவப்பாக மிட்டாய் மாதிரி இருக்கிறது. "காரீயத்துக்கு மேலே பூச்சு இருக்கும்மா, கையில ஒட்டாது" என்கிறான். பொங்கல் கழிந்து அங்கே போகிறேன். ஒன்றரை வயதுப் பேத்தி கண்டதையும் வாயில் வைக்கிற பருவம். பயப்பட வேண்டுமா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: அம்மா, குண்டைப் பற்றி உங்கள் மகன் சொன்னது சரி. ஆனால் வீட்டுக்குள் காரீயம் வரும் வழி குண்டு மட்டும் இல்லை.

முதலில் அந்தப் பூச்சு. தோட்டாவின் முனையிலிருந்து பறக்கும் குண்டு வெறும் காரீயமாக இருந்தால், துப்பாக்கிக் குழாயில் உரசிப் போகும்போது உள்ளே காரீயம் படியும். அதைத் தவிர்க்கக் கிரீஸ் தடவுவார்கள், அது புகையும். இப்போது அதற்குப் பதிலாகப் பாலிமர் பூச்சைப் பூசி, ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸில் சுட்டு எடுக்கிறார்கள். காரீயம் உருக 327 டிகிரி வேண்டும், அதனால் குண்டு உருக்குலையாது. செப்பு உறை போட்ட குண்டை விட விலை குறைவு. சாதாரணச் செப்பு உறைக் குண்டில் அடிப்பக்கம் திறந்தே இருக்கும், பூச்சுக் குண்டில் அதுவும் மூடியிருக்கும். நல்ல பொருள்தான், குறை சொல்ல மாட்டேன். அவரே வீட்டில் பூசுகிறார் என்றால் மட்டும், அதற்கென்று தனி அடுப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். குண்டு சுட்ட அடுப்பில் கேக் சுடவே கூடாது.

இனிதான் முக்கியம். தோட்டாவின் அடியில் பொட்டு மாதிரி ஒரு பிரைமர் இருக்கும். ஊசி தட்டியதும் தீப்பிடிப்பது அது. பெரும்பாலான பிரைமர்களில் காரீய உப்பு ஒன்று இருக்கிறது. சுட்ட பிறகு அதன் கரி பித்தளைக் கூட்டுக்குள் படிந்து கிடக்கும். அந்தக் கூடுகளைச் மணி நீக்கிய மக்காச்சோளக் கதிரின் தூளோடு போட்டுக் குலுக்கித் துலக்க ஒரு இயந்திரம் உண்டு. மூடியைத் திறந்ததும் சாம்பல் நிறத்தில் மெல்லிய தூசி எழும்பும். காரீயம் அதில் இருக்கிறது. சட்டையில், தலைமுடியில், செருப்பில் ஏறி வீட்டுக்குள் வருகிறது. குண்டின் மேல் எத்தனை நல்ல பூச்சு இருந்தாலும் இந்தத் தூசியை அது ஒன்றும் செய்யாது.

எங்கள் தொழிற்சாலையில் வேலை உடுப்பு வேலையிடத்தோடு சரி, வீட்டுக்கு வராது. உங்கள் மகனும் அப்படியே செய்யட்டும். தனிச் செருப்பு, தனிச் சட்டை. கூடுகளைத் தண்ணீரில் போட்டுக் கழுவும் இயந்திரத்துக்கு மாறட்டும். ஷெட்டைத் துடைப்பத்தால் பெருக்க வேண்டாம், ஈரத்துணியால் துடைக்க வேண்டும். சோப்புப் போட்டுக் கை, முகம் கழுவிய பிறகே குழந்தையைத் தூக்க வேண்டும். ஷெட்டில் காபி டம்ளர் இருக்கவே கூடாது. பேத்தி அந்தக் கதவைத் தாண்டக் கூடாது.

போனதும் குழந்தைக்கு ரத்தத்தில் காரீயம் பார்க்கச் சொல்லுங்கள், மருத்துவரிடம் எளிதாகச் செய்யும் சோதனை. டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராமைத் தொட்டாலே கவனிக்க வேண்டும் என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2021-ல் சொல்லியிருக்கிறது. அதற்குக் கீழே இருந்தால் பாதுகாப்பு என்று அர்த்தம் இல்லை. குழந்தைக்கு இவ்வளவு காரீயம் போனால் பரவாயில்லை என்று ஒரு அளவே கிடையாது.

கேள்வி: என்னிடம் உரிமத்தோடு பிஸ்டல் இருக்கிறது. தோட்டா விலை கட்டுப்படியாகவில்லை. நானே செய்துகொள்ளலாமா?
– வாசகர், கூடலூர்

பதில்: வேண்டாம் ஐயா. உங்களிடம் இருப்பது வைத்திருக்க உரிமம், தயாரிக்க அல்ல. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவு, தயாரிப்பு உரிமம் இல்லாமல் தோட்டா செய்வதைத் தடுக்கிறது. தோட்டாவின் பாகங்களும் அதைச் செய்யும் இயந்திரமும்கூட அந்தச் சட்டத்துக்குள் வரும். 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டு, ஆயுள் வரை போகும். உரிமம் பெற்ற கடையில் வாங்குங்கள்.

கேள்வி: அருவங்காட்டில் செய்த கார்டைட் வெடிமருந்தும் இன்றைய பிஸ்டல் வெடிமருந்தும் ஒன்றா?
– கல்லூரி மாணவி, குன்னூர்

பதில்: ஒரே குடும்பம், உருவம் வேறு. 1889-ல் ஏபெல், டியூவர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் நைட்ரோகிளிசரின், வெடிபஞ்சு (நைட்ரோசெல்லுலோஸ்), கொஞ்சம் வாசலின் சேர்த்துக் கார்டைட்டைக் கண்டுபிடித்தார்கள். அசிட்டோன் விட்டுப் பிசைந்து, துளை வழியாக இடியாப்பம் போலப் பிழிந்து கயிறாக எடுப்பார்கள். நம் ஊரில் 1903-ல் தொழிற்சாலை வந்தது இதற்காகத்தான். இன்றைய பிஸ்டல் மருந்துக்கும் அடிப்படை அதே நைட்ரோசெல்லுலோஸ்தான், சிலவற்றில் நைட்ரோகிளிசரினும் உண்டு. ஆனால் பொடிச் செதிலாகவோ கடுகை விடச் சிறிய மணியாகவோ இருக்கும். பிஸ்டலின் குழாய் குட்டை. குண்டு வெளியேறுவதற்குள் மருந்து எரிந்து முடிய வேண்டும். பொடியாக இருந்தால் தீப்பிடிக்கும் பரப்பு அதிகம், சீக்கிரம் எரியும்.

இதில் ஒரு ஆபத்து உண்டு, கோத்தகிரி அம்மாவும் மகனிடம் சொல்லட்டும். வேகமாக எரியும் மருந்து மிகக் கொஞ்சம் போட்டாலே போதும் என்பதால், ஒரே கூட்டில் இரண்டு தடவை விழுந்தாலும் வழிந்து காட்டிக்கொடுக்காது. துப்பாக்கி கையிலேயே வெடிக்கலாம். மருந்து விழாமல் போனால் குண்டு குழாயில் பாதியில் சிக்கும், அதன் பின்னால் அடுத்ததைச் சுட்டாலும் குழாய் பிளக்கலாம். குண்டை வைத்து அழுத்துவதற்கு முன் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் விளக்கடித்துக் கண்ணால் பார்க்க வேண்டும்.