சிங்கப்பூரில் வீட்டோடு குதிரையும் வளர்க்க முடியுமா?

தம்பி, எம்பிளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதியில் குடும்பத்தோடு வந்து சில மாதம்தான் ஆகிறது என்கிறீர்கள். அந்தியூர்ப் பக்கம் தாத்தா காலத்திலிருந்தே வீட்டில் குதிரை உண்டு, மகளுக்கும் அதே ஆசை. கிராஞ்சி, லிம் சூ காங் பக்கம் அரை ஏக்கரோடு ஒரு வீடு வாங்கி இரண்டு குதிரை கட்ட முடியுமா என்பது உங்கள் கேள்வி.

முடியாது. நிரந்தரவாசம் கிடைத்தாலும் கிட்டத்தட்ட இதே பதில்தான். யாராவது ஏஜெண்டு "பார்க்கலாம் சார்" என்று இழுத்தடிக்கும் முன் காரணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்.

இங்கே மண்ணோடு சேர்ந்த வீட்டைத் தரைவீடு என்பார்கள். வெளிநாட்டவர் அதை வாங்க அரசின் தனி அனுமதி வேண்டும். குறைந்தது 5 ஆண்டு நிரந்தரவாசியாக இருந்திருக்க வேண்டும், நாட்டின் பொருளாதாரத்துக்குப் பெரிய பங்களிப்பும் காட்ட வேண்டும். அப்படியே கிடைத்தாலும் மனை பொதுவாக 15,000 சதுர அடிக்கு மேல் போகக்கூடாது. நம் ஊர்க் கணக்கில் அது 35 சென்ட்கூட வராது. பெரும் பணக்காரர்கள் வாழும் முதல் தரப் பங்களாக்களுக்கே குறைந்தபட்ச மனை 1,400 சதுர மீட்டர்தான், அதுவும் ஏறத்தாழ அதே அளவு. செந்தோசா கோவ் (Sentosa Cove) என்ற கடலோரக் குடியிருப்பில் மட்டும் வெளிநாட்டவருக்குக் கொஞ்சம் வழி உண்டு. ஆனால் அது படகு கட்டும் இடம், குதிரை கட்டும் இடமில்லை.

காண்டோ என்கிற தனியார் அடுக்குமாடி வீடு வாங்கத் தடையில்லை. ஆனால் 2023 ஏப்ரல் 27 முதல் வெளிநாட்டவருக்குக் கூடுதல் முத்திரை வரி 60 விழுக்காடு. 20 லட்சம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வீட்டுக்கு அந்த வரி மட்டுமே 12 லட்சம் வெள்ளி, வழக்கமான முத்திரை வரி வேறு. அதனால் இப்போதைக்கு வாடகை வீடுதான் உங்களுக்குச் சரி. வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டை வாடகைக்கு எடுத்தாலும் ஒரு நாய், இரண்டு பூனை என்ற அளவுக்குள் நிற்க வேண்டும். அந்தப் பூனைக்கே 2024 செப்டம்பரில்தான் அனுமதி வந்தது.

லிம் சூ காங்கில் பச்சையாகத் தெரிவதெல்லாம் காலி நிலம் என்று நினைத்துவிடாதீர்கள். பண்ணைகள் அரசிடம் ஆண்டுக் கணக்கில் குத்தகைக்கு எடுத்த நிலம் அது, உணவு உற்பத்திக்கென்று கொடுத்தது. அங்கே வீடு கட்டிக் குடியிருக்க வாங்க முடியாது. நிலத்தின் நெருக்கடி எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் குதிரைப் பந்தயத்தையே பாருங்கள். 1843இல் தொடங்கிய பந்தயம் ஃபேரர் பார்க், புக்கிட் தீமா, கிராஞ்சி என்று மூன்று திடல் மாறியது. சிராங்கூன் சாலைக்குப் பக்கத்தில் இன்றும் ரேஸ் கோர்ஸ் ரோடு இருக்கிறதே, அது முதல் திடலின் பெயர்தான். 2024 அக்டோபர் 5 அன்று கிராஞ்சியில் கடைசிப் பந்தயம் ஓடியது. 120 ஹெக்டேருக்குமேல் உள்ள அந்த இடம் 2027 மார்ச்சுக்குள் அரசிடம் திரும்புகிறது, வீடுகள் கட்டத் திட்டம். பந்தயம் நடத்திய டர்ஃப் கிளப்புக்கே நிலம் மிஞ்சவில்லை என்றால் தனி மனிதருக்கு எங்கே மிஞ்சும்?

குதிரையின் பக்கமும் யோசிக்க வேண்டும். மேய்ச்சலுக்கென்று ஒரு குதிரைக்கு ஓர் ஏக்கராவது வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 500 கிலோ குதிரை நாளுக்கு 10 கிலோ அளவில் புல்லும் வைக்கோலும் தின்னும். வெக்கையில் 40 லிட்டருக்கு மேலும் தண்ணீர் குடிக்கும். இங்கே காற்றில் இருக்கும் ஈரத்துக்கு வைக்கோல் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும், அதைத் தின்றால் மூச்சுக்கும் வயிற்றுக்கும் கேடு. கொள்ளும் கொட்டகையும் இருந்தால் போதும் என்பது அந்தியூர்க் காற்றுக்குச் சரி, இந்த ஊருக்குப் போதாது.

ஜொகூரில் வாங்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். மலேசியாவில் நிலம் மாநில அரசின் கையில். வெளிநாட்டவர் வாங்க மாநில ஒப்புதல் வேண்டும், விவசாய நிலம் இன்னும் கடினம். தினமும் கடற்பாலத்தைக் கடந்து வேலைக்கு வந்துகொண்டு குதிரையையும் பார்ப்பது நடக்காத காரியம். விட்டுவிடுங்கள்.

ஊரில் நிலம் வாங்கிப் போடும் எண்ணம் இருந்தால் அவசரப்படாதீர்கள், இதுதான் முக்கியம். வேலைக்காக வெளிநாடு கிளம்பியதுமே அந்நியச் செலாவணிச் சட்டத்தின்படி நீங்கள் வெளிநாடுவாழ் இந்தியர். உங்கள் பெயரில் விவசாய நிலமோ தோட்டமோ பண்ணை வீடோ வாங்க முடியாது. வருமுன் வாங்கியதை வைத்துக்கொள்ளலாம், தாத்தா நிலம் வாரிசாக வந்தால் அதுவும் உங்களுடையது. வீட்டு மனை, கட்டிய வீடு வாங்கத் தடையில்லை. தோட்டத்தைப் பேசி முடித்து அட்வான்ஸ் கொடுத்தபின் பத்திரப்பதிவில் சிக்கிக்கொண்ட குடும்பங்களை எனக்குத் தெரியும். திரும்பிப் போய்க் குடியேறிய பிறகு தாராளமாக வாங்கலாம். அதுவரை இருக்கும் நிலத்துக்குப் பட்டா, சிட்டாவை ஒழுங்காக வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

சரி, அதுவரை மகள் என்ன செய்வாள்? வீடு வேறு, குதிரை வேறு என்று பிரித்துவிட்டால் இங்கே வழி இருக்கிறது. தாம்சன் ரோடு பக்கம் 1886இல் தொடங்கிய போலோ கிளப் இருக்கிறது. புக்கிட் தீமா சேடில் கிளப் என்ற குதிரையேற்றக் கிளப் 1951இல் தொடங்கியது. இப்படிப்பட்ட இடங்களில் பாடம், உறுப்பினர் விதி, கட்டணம் எல்லாவற்றையும் நேரில் கேளுங்கள். செலவு அதிகம்தான், ஒளிக்க ஒன்றுமில்லை.

ஆனால் நான் உங்களை முதலில் அனுப்ப விரும்புவது ஜாலான் மஷோருக்கு. மாற்றுத்திறனாளிகளுக்காக 1982இல் தொடங்கிய குதிரையேற்றச் சங்கம் அங்கே இருக்கிறது. குழந்தைகளுக்கு இலவசமாகக் குதிரையேற்றம் தருகிறார்கள், அதற்குத் தொண்டூழியர்கள் வேண்டும். நானும் அங்கே போகிறவன்தான். ஒருவர் கயிற்றைப் பிடித்து நடத்துவார், இரு பக்கமும் ஆள் நடப்போம். குழந்தையின் தொடைமேல் நம் முன்கையைக் குறுக்கே வைத்துச் சேணத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நடக்க முடியாத பிள்ளையின் இடுப்பு, குதிரையின் நடைக்கு ஏற்ப நடப்பவர் இடுப்பைப் போலவே அசைவதைக் கையால் உணரலாம். முதல் சுற்றில் விறைத்திருந்த கால், சில சுற்றுகளில் தளர்ந்துவிடும். பிறகு குதிரையைக் கழுவுவது, குளம்பில் அடைந்த மண்ணைக் கொக்கியால் குடைந்தெடுப்பது எல்லாம் உண்டு. முன்னங்காலில் கையை மேலிருந்து கீழே தடவிக்கொண்டு போனால் அதுவே காலைத் தூக்கிக் கொடுக்கும். இதெல்லாம் தாத்தாவிடம் நீங்கள் பார்த்து வளர்ந்தது, அங்கே உடனே கைகொடுக்கும்.

முதலில் நீங்களும் மனைவியும் போய்ப் பேசுங்கள். மகளுக்கு என்ன வேலை தரலாம், எந்த வயதிலிருந்து என்று அவர்களே சொல்வார்கள். முழுக்கால் பேன்ட், மூடிய ஷூ அவசியம், செருப்போடு போகாதீர்கள்.