பழங்கால உடைகளை வரைய எந்த வண்ணம் வாங்குவது? கேள்வி-பதில்

கேள்வி: பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய கவுன்களை வரைவது என் பொழுதுபோக்கு. வாட்டர்கலரை விட்டு, அடியிலிருப்பதை மறைக்கும் நீர்வண்ணமான குவாஷுக்கு மாறப் பார்க்கிறேன். 48 ட்யூப் கொண்ட ஒரு செட்டும், ஓவியர் தரத்தில் பத்துத் தனி ட்யூப்களும் ஏறக்குறைய ஒரே விலைக்கு வருகின்றன. எதை எடுக்கலாம்?

பதில்: பத்து ட்யூப்களை எடுங்கள். முதலில் ஒரு கணக்கு: செட்டின் மொத்த விலையை மொத்த மில்லிலிட்டரால் வகுத்துப் பாருங்கள். ட்யூப் எண்ணிக்கை பெரிதாகத் தெரிந்தாலும் ஒவ்வொன்றும் 5 மில்லி என்றால் உள்ளே இருப்பது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்திலும் பல ட்யூப்கள் வெள்ளை கலந்த வெளிர் நிறங்களாகவோ, தங்க, வெள்ளி மினுக்குகளாகவோ இருக்கும். நீங்களே கலந்துகொள்ளக்கூடியதைக் காசு கொடுத்து வாங்குவானேன்?

இதைவிடப் பெரிய சிக்கல் நிரப்பி. குவாஷ் அடியிலிருப்பதை மறைக்க இரண்டு வழி உண்டு. நிறமியைச் செறிவாகப் போடலாம். அல்லது நிறமியைக் குறைத்துச் சுண்ணத்தூள் போன்ற வெள்ளைப் பொடியைச் சேர்க்கலாம். மலிவுச் செட்டுகள் இரண்டாவது வழியில்தான் போகின்றன. தனியாகப் பூசும்போது குறை தெரியாது. இரண்டு நிறங்களைக் கலக்கும்போதுதான் இரண்டிலிருந்தும் வந்த வெள்ளைப் பொடி சேர்ந்து எல்லாம் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிடும். கருஞ்சிவப்பு வெல்வெட்டின் நிழல் பகுதியை அந்தக் கலவையால் எட்டவே முடியாது.

வாங்கும்போது ட்யூபின் முன்பக்கப் பெயரை மறந்துவிட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள். எழுத்தும் எண்ணுமாக ஒரு நிறமிக் குறியீடு இருக்கும்: பிபி29 என்றால் அல்ட்ராமரின் நீலம், பிடபிள்யூ6 என்றால் டைட்டானியம் வெள்ளை. குறியீடே போடாத ட்யூபை வாங்காதீர்கள். மூன்று நான்கு குறியீடுகள் போட்டிருந்தால் அது கலவை. கலவையை மறுபடி கலந்தால் சேறாகும். உங்கள் வேலைக்கு இந்தப் பத்து போதும்: டைட்டானியம் வெள்ளை பிடபிள்யூ6, மஞ்சள் காவி பிஒய்42, தெளிந்த மஞ்சள் பிஒய்154, பைரோல் சிவப்பு பிஆர்254, குவினாக்ரிடோன் ரோஸ் பிவி19, அல்ட்ராமரின் பிபி29, பிரஷ்யன் நீலம் பிபி27, பர்ன்ட் சியன்னா, பர்ன்ட் அம்பர், எலும்புக் கருப்பு பிபிகே9. வெள்ளையை மட்டும் பெரிய ட்யூபாக வாங்குங்கள். குவாஷில் அதுதான் முதலில் தீரும்.

குறியீட்டையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். சியன்னாவும் அம்பரும் பெரும்பாலும் பிபிஆர்7 என்ற ஒரே எண்ணில்தான் வரும். ஒன்று செம்பழுப்பு, மற்றது கரும்பழுப்பு. பிவி19-ம் அப்படியே, ரோஸ் சாயலிலும் ஊதாச் சாயலிலும் கிடைக்கும். அச்சடித்த வண்ண அட்டையை விட்டுவிட்டு, கையால் பூசிய மாதிரி அட்டையில் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கேள்வி: நீலப் பட்டுக் கவுன்மேல் வெள்ளை லேஸ் வரைந்தேன். லேஸ் முழுவதும் வெளிர்நீலமாகிவிட்டது. வெள்ளை குவாஷில் குறையா? அக்ரிலிக் குவாஷ் வாங்கினால் சரியாகுமா?

பதில்: வெள்ளையில் குறை இல்லை. சாதாரண குவாஷைக் கட்டி வைத்திருப்பது கோந்து. காய்ந்த பிறகும் தண்ணீர் பட்டால் அது கரையும். உங்கள் பிரஷிலிருந்த ஈரம் அடியிலிருந்த நீலத்தை எழுப்பி வெள்ளையோடு கலந்துவிட்டது. பிரஷ்யன் நீலம் போல நிறமேற்றும் வலு அதிகமுள்ள நிறமி என்றால் துளி கரைந்தாலே போதும், வெள்ளை கெட்டுவிடும்.

அக்ரிலிக் குவாஷ் காய்ந்தால் கரையாது. ஆகவே கவுனின் அடித்தளத்தை அதில் போட்டுவிட்டு, லேஸைச் சாதாரண குவாஷில் வரையலாம். லேஸ் பிசகினால் ஈர பிரஷால் துடைத்தெடுத்து மறுபடி வரையலாம். அடியிலுள்ள பட்டு அப்படியே இருக்கும். மேல் அடுக்கைச் சாதாரண குவாஷில் வைத்துக்கொள்ளச் சொல்வதே இந்தத் துடைக்கும் வசதிக்காகத்தான். பெயரில் குவாஷ் என்று இருந்தாலும் அக்ரிலிக் குவாஷைப் பேலட்டில் காயவிட்டு நாளை நனைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். அது பிளாஸ்டிக் ஏடாக உரிந்து வரும். பிரஷையும் நடுவில் கழுவாமல் வைக்கக்கூடாது. அதற்கு செயற்கை முடி பிரஷே சரி. சேபிள் முடி பிரஷை அதில் நனைத்தால் அடிமுடியில் வண்ணம் இறுகி, கூர்முனை போய்விடும்.

புதிதாக எதுவும் வாங்காமல் சமாளிக்கவும் முடியும். அடித்தளம் ஒரு முழு நாள் காயட்டும். வெள்ளையைக் கெட்டித் தயிர் பதத்துக்குக் குழையுங்கள். பிரஷைத் துணியில் ஒற்றிவிட்டு, ஒவ்வொரு கோட்டையும் ஒரே இழுப்பில் போட்டு நிறுத்துங்கள். போட்ட இடத்திலேயே இரண்டாம் முறை தேய்த்தால் அடி நீலம் எழும்பும். லேஸ் மொத்தத்தையும் சுத்த வெள்ளையில் வரைவதும் தவறு: முதலில் வெள்ளையோடு துளி காவியும் துளி நீலமும் சேர்த்த மங்கல் சாம்பலில் முழு வடிவம், பிறகு வெளிச்சம் படும் மடிப்பு முனைகளில் மட்டும் சுத்த வெள்ளைப் புள்ளிகள். தடித்துப் போட்ட இடம் காய்ந்து வெடித்தால், அடுத்த முறை அடுக்கை மெலிதாக்குங்கள், அல்லது குழைக்கும் தண்ணீரில் ஓரிரு சொட்டு அரபிக் கோந்து சேருங்கள். கோந்து கூடினால் பளபளப்புத் திட்டு விழும்.

துணியைப் பார்த்து வண்ண வகையைத் தேர்ந்தால் இந்தச் சங்கடங்களில் பாதி வராது. டாஃபெட்டா பட்டில் மடிப்புகள் முறுக்காக உடையும். வெளிச்சமும் இருளும் கத்தி வைத்து வெட்டியது போல் அருகருகே நிற்கும். அதற்கு மறைக்கும் வண்ணமான குவாஷ் பொருந்தும். வெல்வெட் இதற்கு நேர்மாறு: நம்மை நேராகப் பார்க்கும் பரப்பு இருண்டிருக்கும், மடிப்பு திரும்பும் ஓரத்தில்தான் ஒளி. குவாஷின் பளபளப்பற்ற பரப்பு அதற்கென்றே செய்தது போலிருக்கும், ஆனால் காய்ந்த கருநிறத்தில் விரல் பட்டால் மினுக்குத் தடம் விழும், கவனம். மஸ்லினுக்குக் குவாஷ் வேண்டவே வேண்டாம். 1783-இல் பிரெஞ்சு ராணி மாரி அந்துவானெத்தை மெல்லிய வெள்ளை மஸ்லின் உடையில் வரைந்த ஓவியர் விஜே லெ ப்ரனின் ஓவியம், ராணிக்குத் தகாத உடை என்ற பேச்சு கிளம்பிக் கண்காட்சியிலிருந்தே அகற்றப்பட்டது. அந்த மாதிரி உடையை வரைய வாட்டர்கலரை மெல்லிசாக விட்டு, காகிதத்தின் வெள்ளையையே துணியின் வெள்ளையாக நிறுத்துங்கள்.

கேள்வி: 1860-களின் மாவ் நிற கவுன் ஒன்று வரைந்து சட்டம் போட்டு மாட்டினேன். பளிச்சென்ற ஒரு இளஞ்சிவப்பு ட்யூபையும் நீலத்தையும் கலந்துதான் அந்த ஊதாவைக் கொண்டுவந்தேன். ஒரே வருடத்தில் இளஞ்சிவப்பு போய் நீலம் மட்டும் நிற்கிறது. பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

பதில்: ட்யூபில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. கண்ணைப் பறிக்கும் இளஞ்சிவப்புகள் பலவற்றில் ஒளிரும் சாயம் சேர்ந்திருக்கும். அது வெளிச்சத்தில் நிற்காது. தயாரிப்பாளர் ‘வெளிறக்கூடியது’ என்று குறித்திருந்தாலோ, ஒளிநிலைப்பு பற்றி எதுவுமே சொல்லாமல் விட்டிருந்தாலோ புகாருக்கு வலுவில்லை. ‘ஒளியில் நிலைக்கும்’ என்று அச்சிட்டிருந்தால் கேட்கலாம்: ட்யூபின் தொகுதி எண் தெரியும் படம், வாங்கிய ரசீது, அதே ட்யூபிலிருந்து இருட்டில் வைத்திருந்த ஒரு பூச்சுத் துண்டு, பக்கத்தில் வெளிறிய ஓவியம். நான்கும் சேர்ந்தால்தான் பேச்சு எடுபடும்.

இனி வாங்கும்போது, ஏஎஸ்டிஎம் என்ற தர அமைப்பின் ஒளிநிலைப்புத் தரவரிசையில் 1 அல்லது 2 இருப்பதை மட்டும் எடுங்கள். 1 மிகச் சிறப்பு, 2 மிக நன்று. 3-உம் அதைத் தாண்டிய எண்களும் ஓவியத்தை அலமாரிக்குள் வைப்பவர்களுக்குத்தான். ஒவ்வொரு தயாரிப்பாளரும் போடும் நட்சத்திரங்கள் அவரவர் கணக்கு. ஒருவரின் மூன்று நட்சத்திரத்தை இன்னொருவரின் மூன்றோடு ஒப்பிடக்கூடாது. சந்தேகமாக இருந்தால் நீங்களே சோதிக்கலாம். ஒரே காகிதத்தில் அடர்த்தியாகவும் மெல்லிசாகவும் இரண்டு பட்டை பூசி, பாதியைக் கருப்பு அட்டையால் மூடி, வெயில் விழும் ஜன்னலில் மூன்று மாதம் ஒட்டி வையுங்கள். மெல்லிய பூச்சுதான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

மாவ் வேண்டுமென்றால் குவினாக்ரிடோன் மஜந்தா பிஆர்122-உடன் அல்ட்ராமரின் பிபி29 கலந்து, வெள்ளையால் இளக்குங்கள். ‘மாவ்’ என்று பெயரிட்ட ட்யூபைத் தேட வேண்டாம். வேதியியலாளர் வில்லியம் பெர்கின் அந்தப் பெயரில் 1856-இல் கண்டது துணிக்கான சாயம். இன்று அந்தப் பெயரில் விற்கும் வண்ணங்களுக்குள் கடைக்குக் கடை வேறு வேறு நிறமி இருக்கும். அதே போக்கில் 1859-இல் வந்த மஜந்தா சாயமும் வெயிலில் நிற்காதது. ஆகவே உங்கள் ஓவியம் வெளிறியது சரித்திரப்படி ரொம்பச் சரி, ஆனால் அது ஆறுதலாகாது.

கேள்வி: ‘ஹியூ’ என்று போட்ட ட்யூப் என்றால் போலி என்கிறார்களே, உண்மையா?

பதில்: மூலப் பெயருக்குரிய நிறமி உள்ளே இல்லை, அதே சாயலில் வேறு நிறமி இருக்கிறது என்றுதான் அதற்குப் பொருள். காட்மியம் சிவப்பு ஹியூ என்றால் விலை குறையும்; மறைக்கும் திறனும் சிலசமயம் குறையும். ஆனால் அலிசரின் கிரிம்ஸன் விஷயத்தில் ஹியூவே மேல். அசல் அலிசரின், பிஆர்83, மெல்லிசாகப் பூசினால் வெளிறும் பேர்வழி. அதற்குப் பதில் குவினாக்ரிடோன் போட்ட ஹியூ வருடக்கணக்கில் நிற்கும்.

கேள்வி: பழைய ஃபேஷன் பத்திரிகைகளிலிருந்து கிழித்தெடுத்த, கையால் வண்ணமிட்ட அச்சுப்படம் என்று இணையத்தில் விற்கிறார்கள். உடைகளின் நிறத்தை நேரில் பார்க்க ஒன்று வாங்க ஆசை. அசல்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: பணம் அனுப்பும் முன் நான்கு படங்கள் கேளுங்கள்: முழுத் தாள், பின்பக்கம், பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த ஒன்று, முகமோ கையோ பெரிதாகத் தெரியும்படி ஒன்று. தாளின் அளவை மில்லிமீட்டரில் கேளுங்கள். அசல் இல்லையென்றால் திருப்பி எடுத்துக்கொள்வதாக எழுத்தில் வாங்குங்கள். இதற்கே தயங்கும் விற்பனையாளரிடம் மேற்கொண்டு பேச வேண்டாம்.

கைக்கு வந்ததும் 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். நிறப் பகுதி முழுவதும் வரிசையாகவும் பூப்போலவும் அடுக்கிய புள்ளிகளாக உடைந்தால் அது நவீன ஆஃப்செட் மறுஅச்சு. வெற்றுத் தாள் பகுதியிலும் மெல்லிய தூறல் போலப் புள்ளிகள் இருந்தால் இங்க்ஜெட். பழுப்பேறிய தாளின் நிறத்தையும் சேர்த்தே அச்சடித்திருக்கிறார்கள். அசலில் கருங்கோடுகள் தொடர்ச்சியாக, மை சற்றே மேடாக நிற்கும். நிறம் கோட்டைத் தாண்டி வழிந்திருக்கும், ஓரங்களில் தேங்கிக் காய்ந்த வரம்பு தெரியும். நாளுக்கு நூற்றுக்கணக்கில் பூசிய கைகள், அந்த அவசரம் அதில் இருக்கும்.

புற ஊதா டார்ச் இருந்தால் இன்னும் எளிது. தாள் நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் வெண்மையூட்டி சேர்த்த தாள், அது 1950-க்குப் பின் பரவியது. செம்புத் தகட்டின் அழுத்தத் தடம் இல்லையே என்று மட்டும் ஒதுக்கிவிடாதீர்கள், ஓரங்களை வெட்டும்போது அது போயிருக்கலாம்.

ஏமாற்று இன்னொரு வகையிலும் வரும்: அச்சு பழையது, வண்ணம் போன வாரத்தது. உங்களுக்கு வேண்டியதே நிறம் என்பதால் இதில்தான் உங்களுக்கு நஷ்டம். தாளின் பழுப்புப் புள்ளிகளின் மேலேறி வண்ணம் உட்கார்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள். சில பழைய செம்புப் பச்சைகள் தாளை அரித்துப் பின்பக்கம் பழுப்பாகத் தெரியும். அது நல்ல அறிகுறி. அதே பச்சை பற்றி ஒரு எச்சரிக்கை: 1814-இல் வந்த எமரால்டு கிரீன் ஆர்சனிக் கலந்தது, பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படங்களில் அது இருக்கக்கூடும். ரப்பரால் தேய்க்காதீர்கள், உறைக்குள் வையுங்கள், தொட்டபின் கை கழுவுங்கள். இன்று எமரால்டு என்ற பெயரில் வரும் ட்யூபில் ஆர்சனிக் இல்லை.

கேள்வி: பதினெட்டாம் நூற்றாண்டு சிண்ட்ஸ் (இந்தியாவிலிருந்து போன பூப்போட்ட பருத்தித் துணி) கவுன் ஒன்றைப் பருத்தியில் தைத்துப் பூக்களை நானே வரையப் போகிறேன். வீட்டிலிருக்கும் அக்ரிலிக்கைப் பயன்படுத்தலாமா?

பதில்: பயன்படுத்தலாம், துணி மீடியம் (துணியில் வண்ணம் விறைக்காமலிருக்கச் சேர்க்கும் திரவம்) கலந்தால். இல்லாவிட்டால் காய்ந்ததும் அட்டை மாதிரி விறைக்கும், மடிப்பில் வெடிக்கும். மீடியத்தின் புட்டியில் சொன்ன விகிதத்தில் கலக்குங்கள். இரண்டு பங்கு வண்ணத்துக்கு ஒரு பங்கு மீடியம் வழக்கமான அளவு. தண்ணீர் அதிகம் சேர்த்தால் நூல் வழியே கசிந்து பூவிதழுக்கு மீசை முளைக்கும்.

ஒன்று தெரிந்துகொண்டு இறங்குங்கள். அசல் சிண்ட்ஸில் வண்ணம் துணிமேல் உட்காரவில்லை. சோழமண்டலக் கரையில் படிகாரக் கரைசலால் பூவை வரைந்து, துணியைச் சாயவேர்ச் சாயத்தில் வேகவைத்தால் படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கும். இரும்புக் கரைசல் பட்ட இடம் கறுக்கும். நீலத்துக்கு மற்ற இடங்களை மெழுகால் மூடி அவுரியில் முக்குவார்கள். அதனால் துவைக்கத் துவைக்க நின்றது. தன் நாட்டு நெசவாளர்கள் அலறியதில் பிரான்ஸ் 1686 முதல் 1759 வரை அதற்குத் தடையே போட்டது. அந்தச் சாயலைக் கொண்டுவர வண்ணத்தை மெல்லிசாக வையுங்கள், சிவப்பைப் பளிச்சென்று விடாமல் துளி பர்ன்ட் சியன்னா சேருங்கள், கரும்பழுப்பு மெல்லிய கோட்டால் பூவைச் சுற்றுங்கள்.

துணியை வாங்கியதும் மென்மையூட்டி போடாமல் துவைத்து, கடைக்கஞ்சி போனபின் வெட்டுங்கள். தைக்கும் முன் துண்டுகளாகவே வரைவது சுலபம். அடியில் பிளாஸ்டிக் தாள் விரித்து இழுத்துப் பொருத்துங்கள். 24 மணி நேரம் காய்ந்ததும் பின்பக்கமாக, நடுவில் ஒரு துணி வைத்து, நீராவி இல்லாமல் இஸ்திரி போடுங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் சில நிமிடம். முதல் துவைப்பு ஒரு வாரம் கழித்து, குளிர்ந்த நீரில், உட்புறம் வெளியே திருப்பி. அதற்குமுன் வெட்டிய ஓரத் துண்டில் வரைந்து இதையெல்லாம் ஒருமுறை செய்து பாருங்கள். அந்தத் துண்டில் வண்ணம் கழன்றால் இஸ்திரிச் சூடு போதவில்லை. விறைத்தால் பூச்சு தடிமன்.