ஏழு வயதுப் பையன் நூலகத்தில் பத்து நிமிடம்கூட உட்கார மாட்டேன் என்கிறான். என்ன செய்யலாம்?

மகனைப் பக்கத்துக் கிளை நூலகத்துக்கு அழைத்துப் போனால், கொஞ்ச நேரத்திலேயே "வீட்டுக்குப் போலாம்மா" என்று கையைப் பிடித்து இழுக்கிறான், நூலகத்தில் குழந்தைகளுக்கென்று என்னதான் நடத்துகிறார்கள், அதனால் வாசிப்புப் பழக்கம் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் டெல்டா பக்கம் ஒரு சிறிய ஊரில் நூலக வாசகர் வட்டத்தில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குக் கதை வாசிப்பது என் பொறுப்பு. அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்.

உங்கள் பையனிடம் எந்தக் குறையும் இல்லை. ஒரு சராசரிக் கிளை நூலகத்தை அவன் உயரத்தில் நின்று பாருங்கள். வாசலை ஒட்டி நாளிதழ் மேசை, அதைச் சுற்றிப் பெரியவர்கள். உள்ளே போட்டித் தேர்வுக்குப் படிக்கும் அண்ணன்கள், அக்காக்கள். குரூப் 4 அறிவிப்பு வந்துவிட்டால் நாற்காலியே கிடைக்காது. அவர்களுக்கு அமைதி வேண்டும், அது நியாயமும்கூட. ஆனால் ஏழு வயதுப் பிள்ளை ஒரு படத்தைப் பார்த்தால் அதை உடனே யாரிடமாவது சொல்லியாக வேண்டும். "அம்மா, இங்க பாரேன், யானைக்கு ஷூ!" என்று கத்துவதுதான் அந்த வயதில் வாசிப்பு. அதை "ஷ்ஷ்" என்று அடக்கிவிட்டால் அப்புறம் அவனுக்கு அங்கே என்ன வேலை இருக்கிறது?

அதனால் முதல் காரியமாக நேரத்தை மாற்றுங்கள். கூட்டம் குறைந்த வேளை எது என்று நூலகரிடமே கேட்டால் சொல்லிவிடுவார். எங்கள் ஊரில் ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் வெளி வராந்தாவில் பாய் விரித்துக்கொள்கிறோம். உள்ளே படிப்பவர்களுக்கும் தொந்தரவு இல்லை, பிள்ளைகளுக்கும் வாயை மூடிக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை.

இரண்டாவது, இதுதான் முக்கியம்: அவனைப் படிக்கச் சொல்லாதீர்கள். நீங்கள் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பிள்ளைக்கும் இது வேண்டும். ஏழு வயதில் ஒரு குழந்தை காதால் கேட்டுப் புரிந்துகொள்கிற கதை, கண்ணால் படித்துப் புரிந்துகொள்கிற கதையைவிடப் பெரியதாக இருக்கும். தானே படிக்க முடிகிற இரண்டு வரிப் புத்தகம் அவனுக்குச் சப்பென்று இருக்கிறது. பிடித்தமான கதையோ எழுத்து நெருக்கமாக இருப்பதால் பயமுறுத்துகிறது. நடுவில் இருக்கும் அந்த இடைவெளியைப் பெரியவர்களின் குரல்தான் நிரப்ப வேண்டும்.

எப்படி வாசிப்பது என்றும் சொல்கிறேன். பெரிய படம் உள்ள புத்தகமாக எடுங்கள். படம் பிள்ளைகள் பக்கம் இருக்கட்டும், நீங்கள் பக்கவாட்டில் இருந்து எட்டிப் பார்த்து வாசியுங்கள். அட்டையிலேயே கொஞ்ச நேரம் நில்லுங்கள், "இவன் எங்க போறான்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டால் போதும், ஆளுக்கொரு கதை வரும். பக்கத்தைத் திருப்புவதற்கு முன்னால் ஒரு நொடி நிறுத்துங்கள். அந்த ஒரு நொடியில் எல்லாரும் முன்னால் சாய்வார்கள். குறுக்கே பேசினால் பேசவிடுங்கள். ஒரு ஞாயிறு நண்டைப் பற்றிய படப் புத்தகம் ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தேன். நண்டு வளைக்குள் போகும் பக்கம் வந்ததும், வழக்கமாக வாயே திறக்காத ஒரு பெண் பிள்ளை, "எங்க வயல் வரப்புல இருக்கு மிஸ், தண்ணி எல்லாம் அது வழியாத்தான் பக்கத்து வயலுக்குப் போயிருது, எங்க தாத்தா திட்டும்" என்றாள். அப்புறம் நண்டு வளையை எப்படி மண் வைத்து மிதித்து அடைப்பது என்று எழுந்து நின்று நடித்தே காட்டினாள். அன்றைக்கு அந்தப் புத்தகத்தை நாங்கள் முடிக்கவில்லை. போகும்போது அவள் அதைத்தான் வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

அவள் நாலாம் வகுப்பு. அந்தப் புத்தகம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கானது. "இது உனக்குச் சின்னப் புத்தகம், வேற எடு" என்று சொல்ல அவள் அம்மாவுக்கு வாய் வரை வந்துவிட்டது. தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள். சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தில் ஒன்று, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் உண்டு என்பது. ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் உண்டு என்பது அடுத்தது. பெரியவர்கள் விஷயத்தில் நாம் இதை ஏற்றுக்கொள்கிறோம், பிள்ளைகள் என்றால் மட்டும் உடனே வகுப்பையும் வயதையும் பார்க்கிறோம். பாதியில் பிடிக்காமல் போனால் மூடி வைக்கவும், பிடித்ததைத் திரும்பத் திரும்ப எடுக்கவும் உங்கள் பையனுக்கு உரிமை இருக்கிறது. அதே டைனோசர் புத்தகத்தையே மறுபடியும் எடுத்தால் எடுத்துவிட்டுப் போகட்டும்.

இனி, நிகழ்ச்சிகள் பற்றி. சென்னையில் இருந்தால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குக் கண்டிப்பாகப் போங்கள். முதல் தளம் முழுக்கக் குழந்தைகள் பிரிவு, நடுவில் ஒரு பெரிய செயற்கை மரம், தாழ்வான அலமாரிகள். 2010இல் திறந்தது. மதுரைக்காரர்களுக்கு 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. அங்கேயும் குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு உண்டு. மாவட்ட மைய நூலகங்களில் பெரும்பாலும் சிறுவர் பிரிவு இருக்கும். கோடை விடுமுறையில் கதை சொல்லல், காகித மடிப்பு, பொம்மலாட்டம், சதுரங்கம் என்று ஏதாவது நடத்துவார்கள். நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். அப்போது ஓவியம், கட்டுரை, பேச்சுப் போட்டிகள் பல ஊர்களில் நடக்கும்.

போட்டிகளைப் பற்றி எனக்கு ஒரு வருத்தம் உண்டு. பரிசு வாங்கும் பிள்ளை ஏற்கெனவே நன்றாக வரைகிற, நன்றாகப் பேசுகிற பிள்ளை. மற்றவர்கள் ஒரு பென்சிலும் ஆறுதல் கைதட்டலும் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். அலமாரிப் பக்கம் யாரும் திரும்புவதே இல்லை. எந்த நிகழ்ச்சியாக இருந்தாலும் அது ஒரு புத்தகத்தில் போய் நிற்க வேண்டும் என்பது என் கட்சி. காகிதத் தவளை செய்ய வைக்கிறோமா, தவளை, குளம், மழை என்று கிடைக்கிற புத்தகங்களையெல்லாம் அதே பாயில் அட்டை தெரியும்படி பரப்பி வைத்துவிடுவோம். முதுகு மட்டும் தெரிய அலமாரியில் அடுக்கினால் பிள்ளைகளின் கை அதைத் தேடிப் போகாது. அட்டை தெரிந்தால் தவளை செய்து முடிப்பதற்குள்ளேயே கை நீண்டுவிடும். அவனை நிகழ்ச்சிக்கு அனுப்பினால் முடிந்ததும் உடனே கூட்டிக்கொண்டு கிளம்பாதீர்கள். இன்னும் ஒரு கால் மணி நேரம் அங்கேயே இருங்கள்.

சில கிளைகளில் குழந்தைகள் புத்தகங்கள் கண்ணாடி பீரோவுக்குள் பூட்டி இருக்கும். கிழிந்தால், தொலைந்தால் நூலகர் பதில் சொல்ல வேண்டுமே என்ற பயம்தான் காரணம். கோபப்படாமல் கேளுங்கள், பெரும்பாலும் திறந்து கொடுப்பார்கள். நீங்களே அருகில் இருந்து திரும்ப அடுக்கித் தருகிறேன் என்றால் இன்னும் நல்லது. தயங்கவும் வேண்டாம்: தமிழ்நாட்டில் 1948இலேயே பொது நூலகச் சட்டம் வந்துவிட்டது, வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம், ரூபாய்க்குப் பத்துக் காசு. அந்தப் புத்தகங்கள் உங்கள் பையனுக்காக வாங்கியவை.

நல்ல படப் புத்தகமே இல்லை என்றால் வாசகர் வட்டத்தில் சேர்ந்து கேளுங்கள். நேஷனல் புக் டிரஸ்ட், தூலிகா, புக்ஸ் ஃபார் சில்ரன் ஆகிய பதிப்பகங்கள் வெளியிட்டவற்றில் விலை குறைந்தவையே நிறைய உண்டு. பிறந்த நாளுக்கு ஒரு புத்தகம் நூலகத்துக்கு வாங்கிக் கொடுக்கும் பழக்கத்தை எங்கள் ஊரில் சில குடும்பங்கள் வைத்திருக்கின்றன. உள்ளே பிள்ளையின் பெயரை எழுதி வைப்போம். அதைக் காட்டுவதற்காகவே நண்பர்களைக் கூட்டி வருகிறார்கள். அதுவும் முடியாதபோது பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. நிலை வாரியாகப் பிரித்திருக்கிறார்கள், அச்செடுத்துத் தைத்துக்கொள்ளலாம்.

உறுப்பினர் அட்டையை அவன் பெயரிலேயே எடுங்கள். சிறிய காப்புத் தொகையும் சந்தாவும்தான். அட்டையை அவனே நூலகரிடம் நீட்டட்டும், தேதி முத்திரையை அவனே பார்க்கட்டும், திருப்பிக் கொடுக்க வேண்டிய நாளை வீட்டு நாள்காட்டியில் அவனே குறிக்கட்டும். கிளம்பும் முன் விடுமுறை நாளை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். பல கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஆசையாகக் கிளம்பி வந்த பிள்ளையைப் பூட்டிய கதவு வரை கூட்டிப் போய்த் திருப்பி அழைத்து வராதீர்கள்.