முந்தி ஓடும் ஜனதா

கேள்வி: அப்பா கட்டியிருந்த எச்.எம்.டி. ஜனதா வாட்ச் என்னிடம் இருக்கிறது. சாவி கொடுத்தால் ஓடுகிறது, ஆனால் ஒரே நாளில் முக்கால் மணி நேரம் முந்திவிடுகிறது. சேலத்தில் ஒரு கடையில், "ஹேர் ஸ்பிரிங் ஒட்டிக்கிச்சு, மிஷினையே மாத்தணும்" என்றார்கள். அது எது? உள்ளே ஓடுவதற்கெல்லாம் பெயர் என்ன?
- வாசகி, ஏற்காடு

பதில்: மிஷினை மாத்த விட்டுடாதீங்கம்மா. ஒட்டிக்கிட்டது வேற, ஒடிஞ்சது வேற.

சாவியில இருந்து வர்றேன். முறுக்குனா பேரல் டப்பிக்குள்ள மெயின் ஸ்பிரிங் இறுகும். அது விரியுற விசையை வாங்கி சென்டர் வீல் மணிக்கு ஒரு சுத்து சுத்தும். அடுத்தது தேர்டு வீல், அப்புறம் நிமிஷத்துக்கு ஒரு சுத்து போற போர்த் வீல், கடைசியா எஸ்கேப் வீல். அதைச் சும்மா விட்டா கொடுத்த சாவியெல்லாம் மளமளன்னு தீர்ந்துரும். ஒவ்வொரு பல்லா நிறுத்தி நிறுத்தி விடுறது பேலட். குட்டி நங்கூரம் மாதிரி, ரெண்டு முனையிலயும் சிவப்புக் கல். பல்லு கல்லுல முட்டுற சத்தம்தான் நமக்கு டிக் டிக்.

(டயல்ல 17 ஜுவல்னு போட்டிருக்கேன்னு செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைக்காரர் ஒருத்தர் எங்கிட்ட, கல்லைக் கழட்டி வித்தா என்ன தேறும்னு கேட்டார். செயற்கைக் கெம்புங்க, தேயாம இருக்கறதுக்குத்தான். ஒரு டீக்காசு தேறாது.)

உங்க சிக்கல் பேலட்டுக்கும் அந்தப் பக்கம். பேலன்ஸ் வீல் இப்படியும் அப்படியும் ஆடுது, மணிக்கு 18,000 அடி, நொடிக்கு 5. அதைத் திருப்பித் திருப்பி இழுக்கறதுதான் ஹேர் ஸ்பிரிங். கொசுவத்திச் சுருள் மாதிரி இருக்கும், முடியைவிட மெல்லிசு. ஒரு சுத்து இன்னொரு சுத்தைத் தொடவே கூடாது. தொட்டா ஸ்பிரிங் நீளம் குறைஞ்ச கணக்கு. ஊஞ்சல் கயிறைக் குட்டையாக்குனா வெடுக்கு வெடுக்குன்னு ஆடுமில்ல, அதே கதை.

ஒட்ட வைக்கறது எண்ணெய், இல்லைன்னா காந்தம். காந்த மூடி போட்ட போன் கவர் பக்கத்துல வாட்சை வச்சீங்களா? ஓடுற வாட்ச் மேல சின்ன திசைகாட்டி ஒண்ணை வச்சுப் பாருங்க. திசைகாட்டி முள் துடிச்சா வாட்ச்சுல காந்தம் ஏறியிருக்கு. டீமேக்னடைசர்னு காந்தத்தை எறக்குற கருவி இருக்கற கடையில கொடுத்தா சில நொடியில எறங்கிடும். முள் அசையலைன்னா எண்ணெயாத்தான் இருக்கும். பேலன்ஸைக் கழட்டிப் பெட்ரோல்ல அலசச் சொல்லுங்க. அலசறவர் கை நடுங்காதவரா இருக்கணும், அதை மட்டும் பார்த்துக் கொடுங்க.