முள் எக்ஸ்ரேயில் தெரியாது

கேள்வி: என் கணவர் ஆடு மேய்ப்பவர். மூன்று மாதத்துக்கு முன் சீமைக்கருவேல முள் செருப்பைத் துளைத்துக்கொண்டு உள்ளங்காலில் ஏறிவிட்டது. ஊக்கால் நோண்டிப் பாதியை எடுத்தார், எருக்கம்பாலும் வைத்தோம். புண் ஆறுவதும் பதினைந்து நாளில் மறுபடி வீங்கிச் சீழ் வடிவதுமாக இருக்கிறது. ஒரு கிளினிக்கில் எக்ஸ்ரே பார்த்து 'உள்ளே ஒன்றுமில்லை' என்று மாத்திரை கொடுத்தார்கள். சாப்பிடும்வரை சரியாக இருக்கிறது. என்ன செய்வது டாக்டர்?
வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: மாத்திரை சாப்பிட்டால் ஆறி, நிறுத்தினால் வடிகிற புண் என்றால் முள்ளின் மிச்சம் உள்ளே இருக்கிறது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும் அம்மா. எக்ஸ்ரேயில் இரும்பு பளிச்சென்று தெரியும், கண்ணாடித் துண்டும் அநேகமாகத் தெரிந்துவிடும். முள், மூங்கில் சிலாம்பு, விறகுச் சிராய் இவையெல்லாம் பெரும்பாலும் தெரியவே தெரியாது, ஏனென்றால் சதையைப் போலவே அவையும் கதிரை உள்ளே விட்டுவிடுகின்றன. அதைச் சொல்லாமல் 'ஒன்றுமில்லை' என்று அனுப்பிவிடுவதைக் கேட்டால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அவருக்குத் தேவை பாதத்தில் ஒரு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். தோலுக்கு அடியிலேயே இருப்பதைப் பார்க்க அதற்கென்று தனிக் கருவி உண்டு. அதில் முள் ஒரு சின்ன வெள்ளைக் கோடாகத் தெரியும், சுற்றிலும் நீர் கோத்துக் கறுப்பு வளையம், கோட்டுக்குக் கீழே நிழல். அப்போதே தோலில் பேனாவால் குறி போட்டு, எத்தனை மில்லிமீட்டர் ஆழம் என்றும் எழுதி வாங்கிக்கொண்டு சர்ஜனைப் பாருங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

மரத்துப்போக ஊசி போட்டுத்தான் எடுப்பார்கள். ஆழமாக இருந்தால் காலில் பட்டை கட்டி இரத்த ஓட்டத்தைச் சற்று நேரம் நிறுத்துவது உண்டு, கொஞ்சம் இரத்தம் கசிந்தாலே முள்ளும் சதையும் ஒரே நிறமாகிவிடும். நான் எடுத்த ஒரு கருவேல முள் அரைத் தீக்குச்சி நீளம்தான், கறுத்து ஊறிப்போய், இடுக்கியால் பிடித்ததும் நுனி நொறுங்கியது. இப்படி நொறுங்கும் என்பதால்தான் சீழ் ஓடிய புரையையும் சுரண்டிக் கழுவிவிடுகிறோம், புண்ணைத் தைக்காமல் கட்டு மட்டும் போட்டுவைப்பதும் உண்டு.

இனி ஊக்கு வேண்டாம், எருக்கம்பாலும் வேண்டாம், அது தோலைப் புண்ணாக்கிவிடும். சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். அப்புறம் இன்னொன்று, வலி அதிகமில்லாமல் பாதம் தடித்துக்கொண்டே போய், பல துளைகளில் சீழோடு குருணை குருணையாக வந்தால் அது வேறு நோய், முள் வழியாக மண்ணிலிருக்கும் பூஞ்சை அல்லது பாக்டீரியா உள்ளே போய் வருவது. 1842-ல் மதுரையில் கில் என்ற மருத்துவர் அதைப் பதிவு செய்தார், இன்றும் உலகம் முழுக்க அதற்கு 'மதுரைக் கால்' என்ற பெயர் உண்டு.

கேள்வி: தையல் மெஷின் ஊசி விரலில் ஏறி உடைந்துவிட்டது. ஊசி நகர்ந்து இருதயத்துக்குப் போய்விடும் என்று பயமுறுத்துகிறார்கள்.
வாசகி, திருப்பூர்

பதில்: விரலில் ஏறியது இருதயத்துக்குப் போகும் என்று கவலைப்படாதீர்கள். ஆனால் விரலை அசைக்க அசைக்க ஊசி கொஞ்சம் இடம் மாறும், அதனால் விரலை ஆட்டாமல் வைத்துக்கொண்டு இன்றே போங்கள். நேராகவும் பக்கவாட்டிலுமாக இரண்டு எக்ஸ்ரே வேண்டும், ஒன்றை வைத்து ஆழம் சொல்ல முடியாது. பழைய எக்ஸ்ரேயை நம்பிக் கீறினால் ஊசி அங்கே இருக்காது. எக்ஸ்ரே கண்டுபிடித்த சில மாதத்திலேயே, 1896 பிப்ரவரியில், இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஹால் எட்வர்ட்ஸ் என்ற மருத்துவர் எடுத்த எக்ஸ்ரே படத்தை வைத்துத்தான் ஒரு பெண்ணின் கையிலிருந்து ஊசியை எடுத்தார்கள்.

கேள்வி: தொடையில் கண்ணாடித் துண்டு ஒன்று 20 வருடமாக இருக்கிறது. எடுத்தே ஆக வேண்டுமா?
வாசகர், சேலம்

பதில்: வலி, வீக்கம், சீழ், மரத்துப்போதல் எதுவும் இல்லையென்றால் விட்டுவிடலாம். கண்ணாடி முள்ளைப் போல ஊறி அழுகாது, அதைத் தேடி நல்ல சதையைக் கிழிப்பதுதான் நஷ்டம். இதுவே இரும்புத் துண்டாக இருந்தால், காந்தத்தை வைத்து எடுக்கும் எம்ஆர்ஐ ஸ்கேனுக்கு முன் கட்டாயம் சொல்லிவிட வேண்டும்.

மூன்று பேருக்கும் ஒரு வார்த்தை: அழுக்குப் புண் பட்டு, கடைசி டிடி ஊசி (டெட்டனஸ் தடுப்பூசி) போட்டு 5 வருடம் தாண்டியிருந்தால் உடனே ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.