வீட்டில் முதியவர் உடல் தேறி வர: ஓர் இயன்முறை மருத்துவரின் பதில்கள்

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய முதியவர்களைப் பராமரிக்கும் குடும்பத்தினர் கேட்ட கேள்விகளுக்கு, முதியோர் மறுவாழ்வுச் சிகிச்சையில் ஈடுபட்டுள்ள இயன்முறை மருத்துவர் ஒருவர் இங்கே பதிலளிக்கிறார்.

கேள்வி: இடுப்பு எலும்பு முறிவுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட என் தாயார் வீடு திரும்பியிருக்கிறார். அசைந்தால் வலிக்கிறது என்பதால் உணவு, குளியல் எல்லாவற்றையும் படுக்கையிலேயே முடித்துவிடுகிறோம். சில வாரங்கள் நன்றாக ஓய்வெடுத்த பிறகு நடக்க வைத்தால் போதாதா?

பதில்: போதாது, அம்மா. தள்ளிப்போடுவதில்தான் ஆபத்து இருக்கிறது. நல்ல உடல்நலத்தோடு இருந்த முதியவர்களே 10 நாட்கள் படுக்கையில் இருந்தபோது, அவர்களது கால்களின் தசை ஏறத்தாழ 1 கிலோ குறைந்ததை ஓர் ஆய்வு அளந்து காட்டியிருக்கிறது. தசை இழப்போடு, நுரையீரலில் சளி தேங்குவது, காலின் ஆழமான சிரைகளில் இரத்தம் உறைவது, மலச்சிக்கல், படுக்கைப்புண் என ஒவ்வொன்றும் படுக்கையைப் பற்றிக்கொண்டே வருகிறது.

முதலில் அறுவை செய்த மருத்துவரிடம் இரண்டு விவரங்களைத் தெளிவாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: அந்தக் காலில் எவ்வளவு எடை ஊன்றலாம், எந்தெந்த அசைவுகளைத் தவிர்க்க வேண்டும். மூட்டு மாற்றப்பட்டிருந்தால், தாழ்வான இருக்கையில் அமர்வதும் காலைக் குறுக்கே போடுவதும் சில காலத்துக்குத் தடை செய்யப்பட்டிருக்கலாம். வலி மாத்திரையை நடைப்பயிற்சிக்குச் சற்று முன்பாகக் கொடுக்கலாமா என்றும் கேளுங்கள். வலி அடங்கியிருக்கும் நேரத்தில் நடப்பவர்கள் பயமின்றி நடக்கிறார்கள்.

அதன்பின், அன்றாட வேலைகளையே பயிற்சியாக்குங்கள். படுக்கையில் உண்ணும் மூன்று வேளை உணவை நாற்காலிக்கு மாற்றினாலே, நாளொன்றுக்கு மூன்று முறை எழுந்து நிற்கவும் சில அடிகள் வைக்கவும் வாய்ப்புக் கிடைத்துவிடுகிறது. முகம் கழுவுவது, தலை வாருவது, சட்டைப் பொத்தானைப் போடுவது ஆகியவற்றை எவ்வளவு நேரமானாலும் அவரே செய்யட்டும். பாசத்தினால் அவருக்காக நாம் செய்து முடிக்கும் ஒவ்வொரு வேலையும், அவர் உடல் மீண்டும் கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்றை அவரிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. பல குடும்பங்களுக்கு இது கல்நெஞ்சமாகத் தோன்றுகிறது என்பதை அறிவேன். ஆயினும் நான் உறுதியாகச் சொல்லக்கூடிய அறிவுரை இதுவே.

கேள்வி: பக்கவாதத்தால் தந்தையின் வலது கை செயலிழந்துள்ளது. அவரைப் படுக்கையிலிருந்து தூக்கும்போதெல்லாம் தோள் வலிக்கிறது என்கிறார். எப்படித் தூக்குவது?

பதில்: அந்தக் கையைப் பிடித்து இழுப்பதையும், அக்குளில் கைகொடுத்துத் தூக்குவதையும் இன்றோடு நிறுத்திவிடுங்கள். தோள் மூட்டைத் தாங்குவது பெரும்பாலும் அதைச் சுற்றியுள்ள தசைகளே; அவை தளர்ந்த நிலையில் இழுத்தால் மூட்டு தன் குழியிலிருந்து நழுவக்கூடும். அந்த வலி பல மாதங்கள் நீடித்து, கைப்பயிற்சிகளையே முடக்கிவிடும்.

எழுப்புவதற்கு முன் அவரைக் கட்டிலின் விளிம்புக்கு நகர்ந்து அமரச் செய்யுங்கள். பாதங்கள் இரண்டும் தரையில் பதிந்து, முழங்கால்களுக்குச் சற்றுப் பின்னால் இருக்கட்டும். மூக்கு கால்விரல்களுக்கு நேராக வரும்வரை முன்னால் குனியச் சொல்லுங்கள்; குனிந்தால்தான் உடலின் எடை பாதங்களுக்கு மாறி, இடுப்பு தானாக மேலெழும். நீங்கள் அவரது பலவீனமான பக்கத்தில் நின்று, இடுப்பில் கட்டிய உறுதியான பட்டையைப் பிடித்து வழிநடத்தினால் போதும். உட்கார்ந்திருக்கும்போது அந்தக் கை தொங்கிக்கொண்டிராமல் தலையணையின் மேல் இருக்க வேண்டும்.

கேள்வி: எழுந்து நின்றவுடன் பாட்டிக்குத் தலை சுற்றுகிறது. பலவீனம்தானே?

பதில்: அப்படி முடிவு செய்துவிடாதீர்கள். படுத்த நிலையிலும், எழுந்து நின்று 1 நிமிடத்திலும், 3 நிமிடங்களிலும் இரத்த அழுத்தத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மேல் அளவு 20 அல்லது அதற்கு மேலோ, கீழ் அளவு 10 அல்லது அதற்கு மேலோ குறைந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். நீரிழப்பும், இரத்த அழுத்த மாத்திரைகளும், தூக்க மாத்திரைகளும் பல வேளைகளில் இதற்குக் காரணமாக இருக்கின்றன. மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். எழும் முன் கட்டிலில் சிறிது நேரம் அமர்ந்து கணுக்கால்களை மேலும் கீழும் அசைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: கைத்தடியை எந்தக் கையில் பிடிக்க வேண்டும்?

பதில்: வலியுள்ள காலுக்கு எதிர்ப்புறக் கையில். தடியும் வலியுள்ள காலும் சேர்ந்தே முன்னால் வர வேண்டும். கை தொங்கும்போது மணிக்கட்டின் மடிப்புக்கு நேராகத் தடியின் பிடி இருக்கட்டும். படியேறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது வலியுள்ள கால் முதலில்.

கேள்வி: தாத்தாவால் தாமாகப் புரண்டு படுக்க இயலவில்லை. முதுகின் அடியில் சிவந்திருக்கிறது. தைலம் தேய்க்கலாமா?

பதில்: தேய்க்காதீர்கள். அந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். சிவப்பு மறைந்து வெளுக்கவில்லை என்றால் அங்கே படுக்கைப்புண் தொடங்கிவிட்டது என்று பொருள்; அழுத்தித் தேய்ப்பது உள்ளே நசிந்த திசுக்களை மேலும் சிதைக்கும். சருமத்தின் நிறம் கருமையாக இருந்தால் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது; சூட்டையும் கடினத்தையும் தொட்டுப் பாருங்கள். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள். முழுப் பக்கவாட்டில் படுக்க வைத்தால் இடுப்பெலும்பின் மேல் பாரம் விழும் என்பதால், முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து ஏறத்தாழ 30 பாகை சாய்வில் வையுங்கள். குதிகால்கள் மெத்தையைத் தொடாதபடி கெண்டைக்கால்களுக்கு அடியிலும் தலையணை வேண்டும். தோல் உரிந்தாலோ துர்நாற்றம் வந்தாலோ உடனே மருத்துவரை அணுகுங்கள்.

கேள்வி: மாமனார் பயிற்சி என்றாலே கோபப்படுகிறார். கட்டாயப்படுத்தலாமா?

பதில்: கட்டாயம் பலன் தராது. முதலில் காரணத்தைத் தேடுங்கள்: வலியா, விழுந்துவிடுவோம் என்ற பயமா, மனச்சோர்வா? மனச்சோர்வு என்றால் அதற்குத் தனியே சிகிச்சை தேவைப்படும். பிறகு, அவருக்கு எது முக்கியம் என்று கேளுங்கள். துணையின்றிக் கழிவறைக்குப் போய்வர வேண்டும் என்பார். வாசலில் அமர வேண்டும் என்பார். அதையே இலக்காக வைத்து, இன்று நாற்காலிவரை, அடுத்து கதவுவரை என்று நீட்டுங்கள். நேரத்தையும் அவரே தேர்ந்தெடுக்கட்டும்.

கேள்வி: நேற்றுவரை தெளிவாகப் பேசிய அம்மா, இன்று ஆளை அடையாளம் தெரியாமல் பிதற்றுகிறார். வயதின் விளைவா?

பதில்: இல்லை. ஓரிரு நாட்களுக்குள் தோன்றும் குழப்பம், உடலில் வேறு ஏதோ கோளாறு இருப்பதன் அறிகுறி. நோய்த்தொற்று, நீரிழப்பு, சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல், புதிய மருந்து ஆகிய எதுவும் காரணமாகலாம். இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் உண்ணும் எல்லா மருந்துகளையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். வாய் கோணுவது, ஒரு பக்கக் கை கால் தளர்வது, பேச்சுக் குழறுவது ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் அது பக்கவாதமாக இருக்கக்கூடும். ஒரு நிமிடமும் காத்திராமல் அவசர ஊர்தியை அழையுங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பதும், திடீர் மூச்சுத்திணறலும் அதே அவசரத்துக்கு உரியவை.