47 வயதில் சொந்தத் தொழில், நரைத்த தலையோடு போகலாமா?

கேள்வி: அக்கா, திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் 22 வருடமாக மெர்ச்சண்டைசராக (வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் வேலை) இருக்கிறேன். வயது 47. பையன் படிப்பு முடிந்துவிட்டது. என் வயதுப் பெண்களுக்கு காட்டன் நிட் (பனியன் துணி) குர்த்தியும் நைட் டிரஸ்ஸும் சொந்த லேபிளில் போட ஆசை. வீட்டுக்காரர் "இந்த வயசுல எதுக்கு?" என்கிறார். தங்கச்சியோ, "தொழில் பண்றதுன்னா முதல்ல ஆளை மாத்துக்கா, தலைக்கு டை அடி, நல்ல பட்டுச் சேலையா நாலு எடு" என்கிறாள். டை அடித்தால் எனக்கு நெற்றியோரம் அரிக்கிறது. எதை முதலில் மாற்றுவது?
- வாசகி, திருப்பூர்

பதில்: அம்மணி, முதலில் டையை நிறுத்துங்கள். பல தலைச்சாயங்களில் பாரா பினைலீன் டைஅமீன் என்ற ரசாயனம் இருக்கிறது, சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது, அரிப்பில் ஆரம்பித்து முகம் வீங்குவது வரை போகும். தோல் டாக்டரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள். நரை வளர்ந்து வரும் அந்த ஏழெட்டு மாதம்தான் கண்ணாடி பார்க்கச் சங்கடமாக இருக்கும், முடியைத் தோள்வரை வெட்டிக்கொண்டால் அதுவும் சீக்கிரம் கடந்துவிடும்.

பட்டுச்சேலை வேண்டாம். நீங்கள் விற்கப்போவது நிட் குர்த்தி, அதையே போட்டுக்கொண்டு போங்கள். வெளிநாட்டு பையர் அனுப்பும் சைஸ் சார்ட்டை 22 வருடம் பார்த்த உங்களுக்கு, அந்த அளவு நம் பெண்களின் மேல்கைக்கும் மார்புக்கும் எங்கே இடிக்கும் என்று தெரியாதா? அக்குளில் பிடிக்காத ஆர்ம்ஹோல், போன் வைக்க நிஜமான பாக்கெட், உட்கார்ந்து எழுந்தால் மேலே ஏறாத நீளம், இதையெல்லாம் தைத்து நீங்களே ஒரு மாதம் உடுத்தி, துவைத்து, எவ்வளவு சுருங்குகிறது, சாயம் போகிறதா, ஓரம் முறுக்கிக்கொள்கிறதா என்று பாருங்கள். உங்கள் ஸ்டைல் அதிலிருந்தே வந்துவிடும்.

இப்போது பணம். என் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். நான் 45 வயதில் ஈரோட்டில் கணக்கு எழுதும் வேலையை விட்டு மரச்செக்கு போட்டபோது பி.எஃப். பணம் மொத்தத்தையும் எடுத்துச் செக்கில் போட்டுவிட்டேன். ஒரு கடைக்குக் கடனாகக் கொடுத்த எண்ணெய்க்கு ஐந்து மாதம் காசு வரவில்லை, கடலை வாங்கக் கையில் ஒன்றும் இல்லை, அம்மாவின் வளையலை வைத்துத்தான் அந்த மாதத்தை ஓட்டினேன். அந்தப் பயம் உங்களுக்கு வரவே கூடாது. அதனால் பி.எஃப். பக்கம் போகாதீர்கள். 10 வருடத்துக்கு மேல் சர்வீஸ் இருப்பதால் 58 வயதில் பென்ஷன் உண்டு, வேலையை விடும்போது பென்ஷனுக்கான சர்வீஸைக் காட்டும் ஸ்கீம் சர்டிபிகேட் வாங்கிப் பத்திரமாக வையுங்கள். கிராஜுவிட்டி உங்கள் உரிமை, கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் சேர்த்து 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, வந்ததைச் சர்வீஸ் வருடத்தால் பெருக்குங்கள். 20,000 ரூபாய் என்று வைத்தால் 22 வருடத்துக்குச் சுமார் 2,53,800 வரும். தொழிலுக்கு அதைப் போடுங்கள். கம்பெனியை விட்டால் அங்கே கிடைத்த மருத்துவ வசதியும் போய்விடும், அதனால் விடுவதற்கு முன்பே குடும்பத்துக்கு இன்ஷூரன்ஸ் எடுத்துவிடுங்கள்.

முதல் லாட்டுக்கு மெஷின் எதுவும் வாங்காதீர்கள். சின்ன லாட்டுக்குச் சாயப்பட்டறையில் இடம் கிடைப்பது கஷ்டம், அதனால் ரெடியாக இருக்கும் துணியை எடுத்து, தெரிந்த பவர்டேபிளில் (தையல் யூனிட்டில்) கூலிக்கு ஜாப் ஒர்க்காக 100 பீஸ் தைக்கக் கொடுங்கள். இரண்டே கலர் போதும். எக்ஸ்எல்லும் அதற்கு மேலும் அதிகமாகப் போடுங்கள், நம் வயதில் கேட்பது அந்த சைஸ்தான், கடையில் கிடைக்காததும் அதுதான். செக்கிங்கை மட்டும் யாரிடமும் விடாமல் நீங்களே உட்கார்ந்து செய்யுங்கள்.

சிறு தொழிலுக்கான உத்யம் பதிவு ஆதாரை வைத்து ஆன்லைனில் இலவசமாகவே முடியும், யாருக்கும் காசு கொடுக்காதீர்கள். தயாரிப்பாளர் என்று பதிவு செய்த பிறகு கடைக்காரர்கள் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது, பில்லில் அந்த விதியை அச்சடித்துவிடுங்கள். பெங்களூருக்கு ஒரு பீஸ் அனுப்புவதாக இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். அப்புறம், பிற்பாடு சொந்த மெஷின் போட நினைத்தால் மாவட்டத் தொழில் மையத்தில் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் பற்றிக் கேளுங்கள். அதில் மேல் வயது வரம்பே கிடையாது. பெண்களுக்கு நகரத்தில் 25 சதவீதம், கிராமத்தில் 35 சதவீதம் மானியம். ஆனால் புது யூனிட்டுக்குத்தான் தருவார்கள், அதனால் எதையும் தொடங்குவதற்கு முன்பே போய்க் கேட்டுவிடுங்கள். மானியம் உடனே கைக்கு வராது, 3 வருடம் வங்கியிலேயே வைப்பாக இருக்கும்.

வீட்டுக்காரரிடம் வாதம் வேண்டாம் அம்மணி. 100 பீஸின் கணக்கை ஒரு நோட்டில் எழுதி அவர் கையில் கொடுங்கள்.

கேள்வி: பொள்ளாச்சிப் பக்கம் 52 வயதில் தேங்காய் நார் மில் ஆரம்பிக்கிறேன். மகன் "வேட்டியை விட்டு ஜீன்ஸுக்கு மாறுங்கப்பா" என்கிறான். மாறணுங்களா?
- வாசகர், ஆனைமலை

பதில்: வியாபாரம் பேசப் போகும்போது வேட்டியே கட்டுங்கள், நம் பக்கத்தில் அதற்கு இருக்கும் மரியாதை உங்களுக்கும் தெரியும். மில்லுக்குள் மட்டும் மகன் சொல்வதைக் கேளுங்கள். மட்டை அடிக்கும் மெஷினில் சுற்றும் ஷாஃப்ட்டும் பெல்ட்டும் தொங்கும் துணியைப் பிடித்தால் ஆளையும் சேர்த்து இழுத்துவிடும். பேண்ட், ஷூ, மூக்குக்கு மாஸ்க், மூன்றும் போட்டுத்தான் உள்ளே போங்கள். துண்டைத் தோளிலிருந்து எடுத்து ஆபீஸ் ஆணியில் மாட்டிவிட்டுப் போங்கள், வேலைக்கு வருகிறவர்களையும் அப்படியே செய்யச் சொல்லுங்கள்.